வெளியே பளபளப்பு, உள்ளே துரு: ஒரு சைக்கிளை முழுதாகக் கழற்றியபோது

பெடலை மிதிக்கும்போதெல்லாம் அடியிலிருந்து வந்துகொண்டிருந்த 'கடக் கடக்' சத்தம் ஒரு வழியாக நின்றுவிட்டது. முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் இப்போது வெகுநேரம் ஓடுகிறது. கடைசியில் கனமான பக்கம் கீழே வந்து, முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை ஆடி நிற்கிறது. அந்த ஆட்டம் இருந்தால் பேரிங் நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். முன்பெல்லாம் ஆட்டமே இருக்காது. பாதிச் சுற்றில் சட்டென்று நின்றுவிடும்.

சைக்கிள் என் தம்பியுடையது. இரும்பு ஃபிரேம், 26 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. வேலை கிடைத்து ஜொகூருக்குப் போகும்போது, "நீயே ஓட்டுக்கா, சும்மாதானே கெடக்கு" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். வண்டியை அவன் அக்கறையாகத்தான் வைத்திருந்தான். கடற்கரைப் பக்கம் ஓட்டிவிட்டு வந்தால் உப்பு ஒட்டக்கூடாது என்று, கார் கழுவும் இடத்தில் ஜெட் பைப்பால் அடித்துக் கழுவி, துணியால் துடைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவான். பெயின்ட் இன்னும் புதிது போலவே இருக்கிறது. அதைப் பார்த்தே, செயினுக்கு எண்ணெய் விட்டால் போதும் என்று தொடங்கினேன். எண்ணெய் விட்ட பிறகும் சத்தம் அப்படியே இருந்தது.

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டில் கீழ் மாடியில் ஒரு மாமா இருக்கிறார். துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடைபாதையில் நான் எண்ணெய்க் குப்பியோடு நின்றதைப் பார்த்துவிட்டு, "செயினக் கழட்டிட்டு கிராங்க மட்டும் சுத்திப் பாரும்மா, கை வச்சா தெரியும்" என்றார். செயினை இறக்கிவிட்டு, ஃபிரேமில் ஒரு கையை வைத்துக்கொண்டு, பெடலைத் தாங்கும் கம்பியான கிராங்கைச் சுற்றினேன். உள்ளே மணல் அரைபடுவது உள்ளங்கையில் நன்றாகவே தெரிந்தது. "தண்ணி போயிருக்கு. தொறந்தாத்தான் விஷயம் தெரியும்லா" என்றார். ஒரு சைக்கிளை முழுதாகக் கழற்றுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

வீட்டில் ஏற்கனவே இருந்தவை: ஆலன் கீ ஒரு செட், 15 மி.மீ. ஸ்பேனர், 14 மி.மீ. சாக்கெட், சுத்தியல், பிளையர்ஸ், பழைய டூத் பிரஷ்கள், அப்பாவின் கிழிந்த கைலி இரண்டு. கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனியாக ஒரு மைலோ டின். டின்னுக்கு வெளியே டேப் ஒட்டி 'முன் இடது', 'பின் வலது' என்று எழுதி வைத்தேன். எதைக் கழற்றுவதற்கு முன்னாலும் கைப்பேசியில் ஒரு படம். வாஷர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, எது முதலில் எது பிறகு என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் மறந்துபோகும். படம் இருந்தால் சண்டை இல்லை.

முதலில் பெடல். வலது பெடல் சாதாரண மரை. இடது பெடல் எதிர் மரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழறும். இதை நினைவில் வைக்க எளிய வழி உண்டு. சைக்கிள் நேராக நிற்கும்போது ஸ்பேனரின் பிடி மேலே பார்க்கும்படி மாட்டி, இரண்டு பக்கமும் பின் சக்கரத்தை நோக்கி இழுத்தால் கழறும். ஆனால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால் இந்தக் கணக்கும் தலைகீழாகிவிடும். அதனால் வண்டியைக் கவிழ்ப்பதற்கு முன்பே பெடலைக் கழற்றிவிடுவது நல்லது. எங்கள் வண்டியில் பெடலின் மரையில் கிரீஸே இல்லை. ஊடுருவும் எண்ணெயை விட்டு இரவு முழுக்க ஊறவைத்த பிறகுதான் அசைந்தது.

சீட் குழாயும் அப்படியேதான். ஃபிரேம் இரும்பு, சீட் குழாய் அலுமினியம். இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டு, நடுவே உப்பு நீரும் சேர்ந்தால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். உயரத்தை டேப்பால் குறித்துக்கொண்டு, எண்ணெய் விட்டு, சீட்டையே கைப்பிடியாக வைத்து இடதும் வலதுமாக ஆட்டி ஆட்டி எடுத்தேன். வெளியே வந்த குழாயின் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளைப் பொடி. தண்ணீர் எந்த வழியாக உள்ளே போயிருக்கிறது என்று அப்போதுதான் பிடி கிடைத்தது. சீட் குழாயை இறுக்கும் இடத்தில் ஃபிரேமில் ஒரு பிளவு இருக்கும், அது பின்பக்கம் பார்த்திருக்கும். பின் சக்கரம் தூக்கி அடிக்கும் மழைத் தண்ணீரும், ஜெட் பைப் தண்ணீரும் நேராக அதற்குள்தான் போகும்.

செயினைச் சுத்தம் செய்வதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். தையல் டேப் வேண்டாம், இழுபடும். லோரோங் கூலிட் சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் 3 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கிய இரும்பு ஸ்கேல்தான் எனக்கு உதவியது. கண்ணிகளைக் கோக்கும் பின் ஒன்றின் நடுவிலிருந்து 24 பின் தள்ளி எண்ணினால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். 12 1/16 வந்தால் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது, 12 1/8 வந்தால் தேய்ந்துபோய்விட்டது. எங்களுடையது 12 1/8-ஐயும் தாண்டியிருந்தது. அதனால் அதைக் கழுவுவதில் நேரத்தைச் செலவழிக்கவில்லை. பழைய செயினையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, கண்ணிகளை எண்ணி, அதே எண்ணிக்கையில் வெட்டினேன். நீளத்தைப் பார்த்து வெட்டக்கூடாது. பழையது நீண்டிருப்பதால் கணக்கு தப்பும்.

அடுத்தது கிராங்க். நடுவில் இருக்கும் போல்ட்டை 14 மி.மீ. சாக்கெட்டால் கழற்றினாலும் கிராங்க் கையோடு வராது. சதுர அச்சில் இறுகி உட்கார்ந்திருக்கும். அதற்குக் கிராங்க் புல்லர் வேண்டும். போல்ட்டோடு வாஷரும் வெளியே வந்துவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, புல்லரைக் கையாலேயே கடைசி மரை வரை ஏற்ற வேண்டும். மேலோட்டமாக இரண்டு மரை மட்டும் பிடித்த நிலையில் ஸ்பேனர் போட்டால் அலுமினிய மரை மொத்தமாக உரிந்து வந்துவிடும், அப்புறம் கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். முழுதாக ஏற்றிய பிறகு திருப்பினால் ஒரு 'டக்', அவ்வளவுதான், கழன்றுவிடுகிறது.

இனிதான் அந்தச் சத்தம் வந்த இடம், பாட்டம் பிராக்கெட். கிராங்க் சுற்றும் அச்சும் பேரிங்கும் ஃபிரேமின் அடியில் உட்காரும் பகுதி அது. இடது பக்கம் வெட்டுகள் உள்ள ஒரு பூட்டு வளையம். அதற்கென்று கொக்கி ஸ்பேனர் உண்டு. என்னிடம் இல்லாததால் மாமா மழுங்கிய உளியை வெட்டில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி நகர்த்திக் காட்டினார். வளையம் வந்தது. பேரிங் குண்டுகளைத் தாங்கும் கிண்ணத்தை இரண்டு சுற்றுத் திருப்பியதுமே தரையில் விரித்திருந்த செய்தித்தாளில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அப்புறம் ஒழுகியது. தே-ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில், அடியில் துருத்தூள் மண்டியாக, ஒரு சின்னக் கிளாஸ் அளவுக்கு வந்தது. அன்றைக்கோ அதற்கு முன்தினமோ மழையே இல்லை. எப்போதோ உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கியிருக்கிறது. பாட்டம் பிராக்கெட் குழாயின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருந்தது. சேறு இறுகி அடைத்துக் கிடந்ததால் கண்ணுக்கே தெரியவில்லை. கோணி ஊசியால் குத்தி அதைத் திறந்துவிட்டேன். இவ்வளவு வேலையிலும் அந்த வண்டிக்கு நான் செய்த பெரிய உதவி அதுதான் என்று நினைக்கிறேன்.

உள்ளே இருந்த குண்டுகளில் பாதி, நிறம் மாறித் தட்டையாகியிருந்தன. அச்சில் குண்டு ஓடும் தடத்தில் நகத்தை வைத்து இழுத்தால் குழி குழியாகத் தட்டியது. கிரீஸ் போட்டுத் திரும்ப மாட்டிப் பயனில்லை. வலது கிண்ணத்தைக் கழற்றுவதுதான் மொத்த வேலையிலும் கடினம். அது எதிர் மரை, கடிகாரத் திசையில் திருப்ப வேண்டும், அதோடு மெல்லிய தட்டைப் பிடி மட்டும்தான் உண்டு. சாதாரண ஸ்பேனர் வழுக்கியது. மாமா வீட்டுப் பின்புறத்தில் ஒரு மேசை வைஸ் வைத்திருக்கிறார். சக்கரங்களை எடுத்துவிட்டு, கிண்ணத்தின் தட்டைப் பகுதியை வைஸில் இறுக்கி, ஃபிரேமையே பிடித்துச் சுற்றினோம். அத்தனை பெரிய ஃபிரேம் நெம்புகோலாக இருக்கும்போது மரை எதிர்க்கவே இல்லை.

மாற்றாக வாங்கியது மூடிய பேரிங் உள்ள பாட்டம் பிராக்கெட். கடைக்குப் போகும்முன் இரண்டு அளவு தெரிந்திருக்க வேண்டும். குழாயின் அகலம், எங்களுக்கு 68 மி.மீ. அச்சின் நீளம், எங்களுக்கு 122.5 மி.மீ. அச்சு நீளம் மாறினால் முன் பல்சக்கரம் உள்ளேயோ வெளியேயோ தள்ளிப்போய் கியர் சரியாக விழாது. பழைய அச்சையே கையில் கொண்டுபோய்க் காட்டினேன். மாட்டும் முன் குழாயின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, இரண்டு நாள் காயவிட்டு, ஃபிரேமில் சீட் குழாய் நுழையும் வாய் வழியாகக் கொஞ்சம் என்ஜின் எண்ணெயை ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் சாய்த்து உட்சுவரில் பரவவிட்டேன். மரையில் தாராளமாகக் கிரீஸ். முதல் நான்கைந்து சுற்றைக் கையாலேயே ஏற்றினேன். கையால் ஏறவில்லை என்றால் மரை குறுக்கே ஏறுகிறது என்று பொருள், உடனே நிறுத்திவிட வேண்டும்.

சக்கரங்களுக்கு வருவோம். அச்சின் இரு முனையிலும் குண்டுகளைக் கிண்ணத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கும் கூம்பு வடிவ நட்டுக்குக் கோன் என்று பெயர். முன் சக்கரத்துக்கு 13 மி.மீ. கோன் ஸ்பேனர், பின் சக்கரத்துக்கு 15. இவை மிக மெல்லிய ஸ்பேனர்கள், சாதாரண ஸ்பேனர் அந்த இடுக்கில் நுழையாது. முன் சக்கரத்தில் பக்கத்துக்கு 10 குண்டு, ஒவ்வொன்றும் 3/16 அங்குலம். பின் சக்கரத்தில் பக்கத்துக்கு 9, ஒவ்வொன்றும் 1/4 அங்குலம். அச்சை உருவும்போது குண்டுகள் கொட்டும். கீழே ஒரு தட்டும், ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தமும் இருந்தால் போதும். முன் இடது பக்கத்தில் 9 மட்டுமே கிடைத்தது. நடைபாதை முழுக்கத் தேடினேன். கடைசியில் பத்தாவது, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பின் உள்ளே கட்டியாகிப்போன பழைய கிரீஸுக்குள் பதுங்கிக் கிடந்தது. அந்தக் கிரீஸ் பழுப்பு மெழுகு மாதிரி இறுகியிருந்தது, ஸ்க்ரூட்ரைவரால் சுரண்டித்தான் எடுத்தேன்.

பின் சக்கரத்தில் வலது பக்கக் குண்டுகளை எட்டவேண்டுமானால் முதலில் ஃப்ரீவீலை, அதாவது பின் பல்சக்கரத் தொகுதியை, எடுக்க வேண்டும். ஒவ்வொரு மிதியிலும் அது இன்னும் இறுகிக்கொண்டே போகிற பாகம், கை பலத்துக்கு வராது. அதற்கான டூலை மாட்டி, சக்கரத்தை ஃபிரேமோடு பிடிக்கும் அச்சுக் கம்பியின் நட்டாலேயே டூல் நழுவாமல் பிடித்துவைத்து, டூலை வைஸில் கவ்வி, சக்கரத்தை இரண்டு கையாலும் இடப்பக்கமாகத் திருப்பினோம். முதல் அசைவு வந்ததும் அந்த நட்டைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அச்சுக் கம்பி முறுக்கிக்கொள்ளும்.

குண்டுகளைக் கழுவித் திரும்பப் போடவில்லை. புதுக்குண்டு விலை குறைவு. கிண்ணங்களை மண்ணெண்ணெயில் டூத் பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கிண்ணங்கள் நன்றாகவே இருந்தன. முன் இடது கோனில் மட்டும் குழி, அதை மாற்றினேன். மண்ணெண்ணெயை லொங்காங்கில் (சாக்கடையில்) கொட்ட வேண்டாம். ஒரு பாட்டிலில் ஊற்றி ஓரமாக வைத்தால் அழுக்கு அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை அடுத்த பாகத்துக்குப் பயன்படுத்தலாம். அப்படி ஒரு லிட்டரிலேயே முழு சைக்கிளும் முடிந்தது.

கிண்ணத்தில் கிரீஸை மெத்தையாகப் பூசி, குண்டுகளை ஒவ்வொன்றாகச் சாமணத்தால் பதித்தால் அவை விழாமல் ஒட்டி நிற்கும். கிரீஸைக் குறைத்துப் போடாதீர்கள். குண்டு வழுக்குவதற்கு மட்டும் அல்ல, தண்ணீர் நுழையாமல் தடுப்பதற்கும் அதுதான். கோனை இறுக்கும்போது பிதுங்கி வெளியே வர வேண்டும். பிதுங்கியதைத் துடைத்துக்கொள்ளலாம்.

பொறுமை தேவைப்படுவது கோனைச் சரிசெய்வதில்தான். கோனை விரலால் இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, கோனைக் கோன் ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு வெளி நட்டை இறுக்க வேண்டும். வெளி நட்டை இறுக்கும்போது கோனும் கொஞ்சம் சேர்ந்து நகரும், அதனால் முதல் தடவையே சரியாக அமையாது. அச்சை விரலால் சுற்றினால் கரகரப்பு இருக்கக்கூடாது, ஆட்டினால் ஒரு நூலிழை ஆட்டம் இருக்கலாம். எங்கள் வண்டியில் சக்கரத்தைப் பிடிப்பது நெம்புகோல் வைத்த அச்சுக் கம்பி. அதை மூடும்போது அச்சு சற்று அமுங்கி அந்த ஆட்டம் போய்விடும். ஃபிரேமில் மாட்டி, நெம்புகோலை மூடிவிட்டு, டயரின் மேல்பகுதியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் திரும்பக் கழற்று, ஆடாவிட்டால் முடிந்தது. ஆட்டமே இல்லாமல் கையில் இறுக்கிவிட்டால் மாட்டிய பிறகு குண்டு நசுங்கி, சில மாதங்களில் புதுக் கோனும் குழி விழுந்துவிடும்.

ஹேண்டில் பேரிங் அதிசயமாக நன்றாக இருந்தது. குண்டுகள் கூட்டுக்குள் வரிசையாக இருக்கும் வகை. படத்தில் பார்த்தபடி கூட்டைத் திருப்பாமல் அதே பக்கமாக, புதுக் கிரீஸோடு வைத்துவிட்டேன். பிரேக் கட்டைகளில் ஊசியால் அலுமினியத் துணுக்குகளைத் தோண்டி எடுத்து, மணல்தாளில் நாலு இழு இழுத்ததும் கீச்சிடுவது நின்றது. ரிம்மைப் பாத்திரம் கழுவும் சோப்பால் மட்டும் கழுவினேன், அந்தப் பக்கம் எண்ணெய்த் துணியே போகக்கூடாது. நான்கு கேபிள் கம்பிகளும் துருப்பிடித்திருந்ததால் மாற்றினேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். கிராங்க் புல்லர் 18 வெள்ளி, கோன் ஸ்பேனர் இரண்டு 16, பாட்டம் பிராக்கெட் டூல் 15, ஃப்ரீவீல் டூல் 12, செயின் கட்டர் 20, ஸ்கேல் 3. கருவிகள் மொத்தம் 84 வெள்ளி, இவை இனி வீட்டிலேயே இருக்கும். பாகங்களில் பாட்டம் பிராக்கெட் 42, செயின் 38, முன் கோன் 10, குண்டுகள் 8, கேபிள் கம்பிகள் 20, கிரீஸ் டப்பா 14, மண்ணெண்ணெயும் ஊடுருவும் எண்ணெயும் சேர்த்து 18, ஆக 150. இரண்டும் சேர்த்து 234 வெள்ளி. வைஸ் மாமாவுடையது. அது இல்லாமல் இந்த வேலை பாதியில் நின்றிருக்கும். அக்கம்பக்கத்தில் யாரிடம் வைஸ் இருக்கிறது என்று முதலிலேயே விசாரித்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

மாட்டி முடித்து, குயின்ஸ்பே பக்கம் கடலோரச் சைக்கிள் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. மிதிப்பது இலகுவாகிவிட்டது, எதிர்க்காற்றிலேயே வித்தியாசம் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் கிராங்க் போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கினேன். சதுர அச்சில் கிராங்க் முதல் ஓட்டத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே போய் உட்காரும், கவனிக்காமல் விட்டால் தளர்ந்து கிராங்கே கெட்டுப்போகும்.

ஒரு குறை மிச்சம் இருக்கிறது. பின்னால் கடைசிச் சின்னப் பல்சக்கரத்தில் போட்டு அழுத்தி மிதித்தால் புதுச் செயின் துள்ளுகிறது. பழைய செயினோடு சேர்ந்து அந்தப் பற்களும் தேய்ந்திருக்கின்றன, புதுச் செயின் அதில் பிடிக்கவில்லை. ஃப்ரீவீலைக் கழற்றிக் கையில் வைத்திருந்தபோதே செயினோடு சேர்த்து மாற்றியிருந்தால் ஒரே வேலையாக முடிந்திருக்கும். அடுத்த சம்பளத்தில் வாங்க வேண்டும். அதுவரை அந்தக் கியரைத் தொடுவதில்லை.

இனி இந்த வண்டிக்கு ஜெட் பைப் கிடையாது. வாளித் தண்ணீர், சோப்பு, ஈரத்துணி போதும். சீட் குழாயை எடுத்துக் கிரீஸ் பூசி வைத்திருக்கிறேன், இறுக்கும் இடத்தின் பிளவு மறையும்படி பழைய டியூபில் இரண்டு அங்குலம் வெட்டி உறை மாதிரி ஏற்றிவிட்டேன். செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் பெய்யும் மழைக்கு அது எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல மழையில் நனைந்து வந்த நாளில் சீட் குழாயை உருவிவிட்டு, சைக்கிளைக் கொஞ்ச நேரம் தலைகீழாக நிறுத்தி வையுங்கள். அடியில் இருக்கும் அந்தச் சின்னத் துளையையும் ஊசியால் ஒரு தடவை குத்திப் பாருங்கள். இதைத்தான் தம்பிக்கும் படத்தோடு அனுப்பியிருக்கிறேன். ஜொகூரில் அவன் வாங்கியிருக்கும் புது சைக்கிளையும் அவன் ஜெட் பைப்பில்தான் கழுவுகிறானாம்.